லங்காட் ஆற்றின் இரண்டு மீன் பட்டியல்கள்

லங்காட் ஆற்றில் என்ன மீன் கிடைக்கும் என்று டெங்கிலில் வயதானவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டு பட்டியல் சொல்வார்கள். ஒன்று அந்தக் காலத்துப் பட்டியல். அதில் பாவோங், பாத்தின், லம்பாம், விரால், ஆற்று இறால் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். மற்றொன்று இந்தக் காலத்துப் பட்டியல். அது ‘பண்டராயா மீன்’ என்று தொடங்கும். பல நேரம் அதோடு முடிந்தும் விடும்.

இரண்டு பட்டியலுக்கும் இடையில் அந்த ஆற்றுக்கு என்னவோ நடந்திருக்கிறது. அதில் பாதியைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். மீதிப் பாதியை இந்தத் தவணை விடுமுறையில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு என் பழைய நண்பனோடு தூண்டில் போட உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டேன்.

நானும் அவனும் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளி விட்டதும் பையை வீட்டில் வீசிவிட்டு ஆற்றுக்கு ஓடிய மாலைகள் எத்தனையோ. எஸ்.பி.எம். முடிந்ததும் நான் மெட்ரிகுலேஷன் போனேன். அதன் பிறகு கிழக்குக் கரையில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போய்விட்டேன். அவன் விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கு வேலைக்குச் சேர்ந்தான். இரவு ஷிப்ட். இடைப்பட்ட காலத்தில் எங்கள் நட்பு, பிறந்தநாள் வாழ்த்தும் தீபாவளி ஸ்டிக்கருமாக வாட்ஸ்அப்பில் சுருங்கிவிட்டது. நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்ததும் அவன் அனுப்பியது ஒரே வரிதான்: “மச்சான், சனிக்கிழம ஆத்துக்கு வர்றியா?”

போனேன். செம்பனை மரங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் போகும் மண்பாதை அப்படியே இருந்தது. ஆற்று வளைவு மட்டும் இடம் மாறியிருந்தது. நாங்கள் உட்காரும் கரை சரிந்து, அதன் மேல் நின்ற மரம் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீரோ எப்போதும்போல் தே தாரிக் நிறம்.

அவன் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்தபோதுதான் எனக்கும் அவனுக்கும் இடையில் மூன்று ஆண்டு ஓடியிருப்பது உறைத்தது. நான் பழைய நினைவில் ஒரு டப்பா மண்புழுவோடு போயிருந்தேன். அவனிடம் கோழிக்குடல் இருந்தது, உயிருள்ள வெட்டுக்கிளி இருந்தது, பழுத்த செம்பனைப் பழமும் இருந்தது. பாவோங் மீனுக்குக் குடல், பாத்தினுக்குச் செம்பனைப் பழம் என்று பிரித்து வைத்திருந்தான். செம்பனையை மீன் தின்னுமா என்று சிரிக்கவேண்டாம். ஆற்றோரத் தோட்டங்களில் உதிர்ந்து மிதந்துவரும் பழங்களைத் தின்று பழகிய மீன்கள் அவை. பாத்தின் பிடிப்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த இரைதான்.

நான் ஈயக்குண்டைக் கோர்த்து வீசினேன். நரம்பு நேராக நிற்காமல் கரையோரமாக இழுத்துக்கொண்டு வந்தது.

“ஈயம் பத்தாதுடா. முந்தி மாதிரி இல்ல, அடியில மண்ணு அள்ளிட்டாங்க. தண்ணி கீழதான் இழுக்கும். பெருசு போடு.”

மேலே அமைதியாகத் தெரியும் ஆறு அடியில் எப்படி ஓடுகிறது என்பதை அவன் தூண்டில் நரம்பிலிருந்து படித்து வைத்திருக்கிறான். ஆற்றுப்படுகையில் மணல் அள்ளினால் பள்ளம் விழும், நீரோட்டம் மாறும், கரை அரிக்கும். இதை நான் இரண்டாம் ஆண்டில் ஒரு முழுத் தவணை படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன்.

மாலை நான்கு மணியிலிருந்து இரவு எட்டரை வரை உட்கார்ந்தோம். கிடைத்தவை: பண்டராயா மீன் நான்கு, கெலி ஒன்று, பொழுது சாய்ந்தபின் கைமுழ நீளத்தில் பாவோங் ஒன்று. ஜோரான் நுனியில் கட்டிய மணி அடித்து, கம்பு வளைந்து, நரம்பு பக்கவாட்டில் ஓடினால் அது பாவோங். மணி ஒரு முறை மட்டும் அடித்துவிட்டு, நனைந்த சாக்குமூட்டையை இழுப்பது போலக் கனத்தால் அது பண்டராயா. இழுக்கும்போதே அவன் முகம் சொல்லிவிடும்.

‘பண்டராயா’ என்றால் மலாயில் மாநகரம். மாநகர மன்றத் துப்புரவுப் பணியாளர் தெருவைக் கூட்டுவதைப் போல, கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தப்படுத்துவதால் இந்தப் பெயர். பூர்வீகம் தென் அமெரிக்கா. அலங்கார மீனாகக் கடைக்கு வந்து, பெரிதானதும் தொட்டியில் இடமில்லாமல் யாரோ ஆற்றிலும் குளத்திலும் கொட்டிவிட, இங்கேயே குடும்பம் பெருக்கிவிட்டது. உடம்பு முழுக்கக் கவசம் போன்ற தகடுகள். நம் ஆற்றில் அதை விழுங்கத் துணியும் மீன் குறைவு. போதாததற்கு, முட்டையிட ஆற்றங்கரையில் வளை தோண்டும். வளைகள் பெருகினால் கரை சரியும். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டுகளிலேயே லங்காட் ஆற்றில் இந்த மீனைப் பிடித்து அளந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்நிய மீன் வேட்டைக் குழு ஒன்று, தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டு சிலாங்கூர் ஆறுகளில் வலையோடு இறங்குகிறது. இது நமக்கு மட்டும் வந்த தலைவலியும் அல்ல. சென்னைப் புறநகர் ஏரிகளிலும் ‘சக்கர் மீன்’ என்ற பெயரில் இதே மீன் வலையை நிரப்புகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் இந்த மீன் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்நிய மீன் வந்ததால் ஆறு கெட்டதா, கெட்டுப்போன ஆற்றில் அந்நிய மீனுக்கு இடம் கிடைத்ததா? இரண்டாவதற்குத்தான் சான்று அதிகம் என்று நினைக்கிறேன். அதற்கு ஆறு வரும் வழியைப் பார்க்கவேண்டும்.

லங்காட் ஆறு 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைப் பக்கம் பிறக்கிறது. உலு லங்காட், செராஸ், காஜாங், பாங்கி என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி டெங்கிலுக்கு வருகிறது. செமினி ஆறும் இந்தப் பக்கத்தில்தான் அதில் கலக்கிறது. ஆகவே டெங்கிலில் நாம் பார்ப்பது நம் ஊர்த் தண்ணீர் மட்டுமல்ல. மேலே இருக்கும் லட்சக்கணக்கான வீடுகளின் கழிவுநீர், தொழிற்பேட்டைகள், கட்டுமான மண், தோட்ட உரம் எல்லாவற்றையும் கடந்து வந்த தண்ணீர்.

இந்த ஆற்றோடு மனிதர்களுக்குள்ள உறவு நேற்று வந்ததல்ல. பக்கத்திலுள்ள ஜெண்டராம் ஹிலிரில் ஈயம் தோண்டியபோது, மூன்று கால் வைத்த புதிய கற்கால மண்பானைகள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்கள். அந்தப் பானையில் வெந்தது என்ன மீனாக இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

நம் மக்கள் வந்தது ரப்பரோடு. என் நண்பனின் குடும்பம் பெராங் பெசார் தோட்டத்தைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் ஈடுபட்ட ஆங்கிலேய வீரர்கள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. அதனால்தான் மலாயில் ‘பெரும் போர்’ என்ற பெயர். உலகெங்கும் நடப்பட்ட பி.பி. 86 ரப்பர் இனத்தின் பெயரிலுள்ள ‘பி.பி.’ இந்தத் தோட்டத்தின் முதலெழுத்துகள்தாம். 1990-களில் அங்கே புத்ராஜெயா எழும்பியது. பெராங் பெசார், காலவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

நண்பனின் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மதியம் வேலை முடிந்ததும் மூங்கில் கம்பில் நரம்பு கட்டி, சுவாவ் ஆற்றில் தூண்டில் போடுவாராம். அந்தச் சுவாவ் ஆற்றை மறித்துத்தான் புத்ராஜெயா ஏரி உருவாக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் நாம் படகில் ஏறிப் படமெடுக்கும் ஏரிக்கு அடியில் அவர் மீன் பிடித்த ஓடை இருக்கிறது. ஏரியிலிருந்து வழியும் நீர் கடைசியில் லங்காட்டுக்குத்தான் வருகிறது. தாத்தாவும் அந்தத் தண்ணீரைப் போலவே டெங்கிலுக்கு வந்து சேர்ந்தார் என்று நண்பன் விளையாட்டாகச் சொல்வான்.

அதே ஆண்டுகளில் டெங்கிலில் இன்னொரு சமூகமும் நிலத்தை இழந்தது. புக்கிட் தம்போய் கிராமத்தின் தெமுவான் பூர்வக்குடியினரை, விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக 1995-இல் வெளியேற்றினார்கள். சகோங் பின் தாசியும் மற்ற ஆறு பேரும் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பரம்பரை நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தன. இன்று சட்டம் படிக்கும் மாணவர் யாரும் இந்த வழக்கைத் தாண்டிப் போகமுடியாது. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்து, அந்த மண்ணை அறிந்திருப்பதே நீதிமன்றத்தில் சான்றாக நின்றது என்பதுதான் என்னை அதில் ஈர்த்தது. ஆற்றுக்கும் அப்படிப்பட்ட சாட்சிகள் வேண்டும்.

சாட்சி வேண்டுமானால் அளவுகோல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மலேசியச் சுற்றுச்சூழல் துறை நீர்த்தரக் குறியீடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. நீரில் கரைந்த உயிர்வளி, உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா நைட்ரஜன், கார அமில அளவு ஆகிய ஆறையும் அளந்து, 100-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். 81-க்கு மேல் தூய ஆறு, 60 முதல் 80 வரை சற்று மாசுபட்டது, 59-க்குக் கீழ் மாசுபட்டது. ஆறுகளை ஐந்து வகுப்புகளாகவும் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு நீரில் நுட்பமான மீன்களும் வாழும். மூன்றாம் வகுப்பில், அதாவது கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை இறங்கிய நீரில், தாக்குப்பிடிக்கும் மீன்களே மிஞ்சும்.

நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறில் எதெல்லாம் இல்லை என்பதையும் பாருங்கள். கன உலோகங்கள் இல்லை. துர்நாற்றம் இல்லை. செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2016-இலும் 2020-இலும் நாற்ற மாசு காரணமாக நிறுத்தப்பட்டு, வீடு வீடாக வாளியோடு லாரிக்குக் காத்திருந்தோமே, அந்த நாற்றம் இந்த மதிப்பெண்ணில் நேரடியாகச் சேராது. எந்த மீன் இருக்கிறது, எது போய்விட்டது என்பதும் சேராது.

அதைத்தான் தூண்டில் சொல்கிறது. அன்று எங்களுக்குக் கிடைத்ததை மறுபடி பாருங்கள். கெலி மீனுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. பண்டராயா மீன் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே உயிர்வளி எடுத்துக்கொள்ளும். விராலும் அப்படி மேலே வந்து மூச்சு விடும் மீன்தான். தண்ணீரில் உயிர்வளி குறையக் குறைய, தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் மீன்கள் ஒதுங்கிவிடும். காற்றையும் நம்பத் தெரிந்தவை தங்கிவிடும். வெயில் வேறு. 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயிர்வளியைத் தாங்கும் நன்னீர், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். கரையோர மரங்களை வெட்டி நிழலைப் போக்கினாலும் மீனின் மூச்சில் கை வைத்தது போலத்தான்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. நண்பனின் பாட்டி கெலியைத் ‘தேளி’ என்றும், ஆருவானை ‘விரால்’ என்றும், புயூ மீனைப் ‘பனையேறிக் கெண்டை’ என்றும் சொல்வார். நமக்கெல்லாம் மலாய்ப் பெயர்தான் வாயில் வருகிறது. பாவோங்கிற்கு மட்டும் பாட்டி பொதுவாகக் ‘கெளுத்தி’ என்று சொல்லி முடித்துக்கொள்வார். பாத்தினுக்கும் லம்பாமுக்கும் அவரிடமும் தமிழ்ப் பெயர் இல்லை. தமிழ்நாட்டுக் குளத்திலும் வயலிலும் முன்னோர் பார்த்திருந்த மீன்களுக்குப் பெயர் கூடவே கப்பலேறி வந்திருக்கிறது. இந்த ஆற்றில் புதிதாகப் பார்த்தவற்றுக்கு ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேளி, விரால், பனையேறிக் கெண்டை மூன்றுமே காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் என்பதையும் கவனியுங்கள். சேற்றுக் குட்டையிலும் சாகாதவை. இன்று லங்காட்டில் மிஞ்சுவதும் அந்தக் கூட்டம்தான்.

இருட்டிய பிறகு நண்பன் பையிலிருந்து பள்ளிக் காலத்து நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் எழுத ஆரம்பித்தான். தேதி, இடம், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, தண்ணீரின் நிறம், இரை, மீன். பாதி தமிழ், பாதி மலாய். ஐந்தாம் படிவத்தில் விளையாட்டாகத் தொடங்கியது. நான் போனபிறகும் அவன் விடவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். முன்பக்கங்களில் பாவோங் அடிக்கடி வருகிறது. நடுவில் சில மாதங்கள் வெறும் பண்டராயா. ஓரிடத்தில் ‘தண்ணி கறுப்பு, வாடை, மீன் மேல வந்து வாய தொறக்குது’ என்று மட்டும் எழுதியிருந்தான். உயிர்வளி போதாமல் மீன் மேலே வரும் காட்சியை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

என்னை உட்காரவைத்தது வேறொன்று. பல பக்கங்களில் ‘கோசோங்’ என்று ஒரே சொல். ஒன்றும் கிடைக்காத நாள்கள்.

“இத ஏன்டா எழுதி வெச்சிருக்க?”

“போனேன்ல. போன நாள எழுதாம எப்படி?”

மீன்வள அறிவியலில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. எத்தனை மீன் கிடைத்தது என்பதை எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டோம் என்பதால் வகுக்கவேண்டும். அப்போதுதான் ஒரு மாதத்தையும் இன்னொரு மாதத்தையும் ஒப்பிடலாம். வெறுங்கையோடு திரும்பிய நாளை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கிடைத்த மீனைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைக்காத நாளை எழுதிவைப்பவர் அபூர்வம். நோட்டில் ஓட்டைகளும் உண்டு. இரை மாறியிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, இரவு வேலை தொடங்கியபின் அவன் போகும் நேரமே மாறியிருக்கிறது. இதை வைத்து ஆற்றில் பாவோங் குறைந்துவிட்டது என்று ஆய்வுக்கட்டுரை எழுதமுடியாது. ஆனால் எங்கே தேடவேண்டும் என்று ஓர் ஆய்வாளருக்குக் காட்டும் அளவுக்குப் போதும். அதை மாதிரியாக வைத்து, இரையும் இடமும் நேரமும் மாறாமல் மாதம் இருமுறை இருவரும் பிடிப்பது என்று பேசியிருக்கிறோம். என் இறுதியாண்டு ஆய்வுக்கு மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால், அதில் அவன் பெயரும் இருக்கும். அவன் அதற்குச் சம்மதிக்கவே அரைமணி நேரம் ஆனது. “நான் என்னடா படிச்சிருக்கேன்” என்றான். படித்த நான் ஈயக்குண்டைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தை ஞாபகப்படுத்தினேன்.

பாவோங்கை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: பாட்டி புளி கரைத்துக் கறி வைத்தார். சாப்பிட்டோமா என்றால், சாப்பிட்டோம். ஆனால் யோசித்துச் சாப்பிட்டோம். அடியில் மேயும் மீன், அதுவும் தொழிற்பேட்டைகளுக்குக் கீழே ஓடும் ஆற்றில். உலோகச் சோதனை செய்யாமல் பாதுகாப்பானது என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். “நாங்கெல்லாம் இத தின்னுதான் வளந்தோம்” என்று பாட்டி சொன்னார். அவர் தின்றது முதல் பட்டியல் மீன். அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த முறை கிடைக்கும் மீனில் கொஞ்சம் சதையைச் சோதனைக்கு எடுத்துவைப்பது என்று முடிவு.

படித்துவிட்டு ஆற்றுக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். தனியாகப் போகாதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் டெங்கில் எப்படி மூழ்கியது என்று பார்த்தவர்கள் நாம். இங்கே வெயில் அடிக்கும்போதும் உலு லங்காட்டில் பெய்த மழை சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சரிந்த கரையின் விளிம்பில் உட்காராதீர்கள், அடியில் வளை இருக்கலாம். பாவோங்கின் முதுகிலும் பக்கவாட்டிலும் முள் உண்டு. முள்ளைக் கழற்றக் குறடு கொண்டுபோங்கள். பண்டராயா கிடைத்தால் திரும்ப ஆற்றில் விடவேண்டாம். மின்சாரம் பாய்ச்சியோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். பார்த்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.